ஏ பக்கத்து முதல் பாட்டு

என் இடது காது கேட்காது. யாராவது அந்தப் பக்கமாக வந்து பேசினால் நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பேன். அதனால் கண்டியில் எனக்குத் திமிர் பிடித்தவன் என்று ஒரு பேர் உண்டு. கொஞ்சம் திமிரும் இருக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காது போனது ஒரு சினிமாப் பாட்டால். அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவரை என்னைப்போலவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஒருவன், என் நண்பன், கையை ஓங்கி அறைந்ததால் போனது. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களோடு நான் அதற்கு மேல் பேசுவதில்லை.

அந்த இசையமைப்பாளரின் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் உடனே ஆளுக்கொரு கட்சி கட்டிக்கொண்டு வருவார்கள். இந்த வயதில் இன்னொரு சண்டைக்கு எனக்குத் தெம்பில்லை.

எனக்கு அப்போது மாநகரசபையில் கிளாக்கர் வேலை. கல்யாணமாகாத காலம். சனிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டால் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் இருந்த ஒரு சந்துக்குப் போய்விடுவேன். அங்கே அக்குறணை முஸ்லிம் ஒருவர் ரெக்கோடிங் பார் வைத்திருந்தார். வெற்றுக் கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, வேண்டிய பாட்டுகளைச் சொன்னால் இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார். தொப்பி, வெள்ளைச் சாரம், மூக்கின் நுனியில் கண்ணாடி. எல்லோருக்கும் அவர் நானா. தமிழ், சிங்களம், ஹிந்தி என்று எந்தப் பாட்டைக் கேட்டாலும் அலுமாரியைப் பார்க்காமலே கையை நீட்டி எடுப்பார்.

அறைந்தவன் நாவலப்பிட்டிக்காரன். நாவலப்பிட்டிக்கும் கண்டிக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கொண்டக்டர். பஸ்ஸின் தகரத்தைத் தட்டித் தட்டியே அவன் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. சனிக்கிழமைகளில் அவன் பஸ் கண்டியில் வந்து நிற்கும் நேரமும் என் அலுவலகம் விடும் நேரமும் ஒன்றாக இருந்தது எங்கள் இருவருடைய கெட்ட காலம்.

அவன் கட்சி, முதல் வருடங்கள். அந்த மனுசர் சினிமாவுக்கு வந்த புதிதில், தப்பும் உடுக்கையும் ஒற்றைப் புல்லாங்குழலுமாகப் போட்டாரே, அதோடு சரி, பிறகு வயலின் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு கெட்டுப்போனார் என்பான். என் கட்சி, அதற்குப் பின்னால் வந்த வருடங்கள். வாரத்துக்கு ஒரு படம் என்கிற வேகத்தில் போட்டுத் தள்ளிய காலம் அது. அந்த ஓட்டத்திலும் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஒரு பின்னணி இசை வைத்திருந்தார். வசனமே இல்லாமல் ஒருத்தி கிணற்றடியில் நிற்பாள், பின்னால் வயலின் மட்டும் போகும். அதைக் கேட்டுவிட்டு நான் தியேட்டரில் அழுதிருக்கிறேன். பின்னணி இசை தட்டில் வராது என்பதால் டேப் ரெக்கோடரைத் துணிப் பைக்குள் மறைத்துத் தியேட்டருக்குக் கொண்டுபோய்ப் பதிந்து வருவேன்.

அதை அவனுக்குப் போட்டுக் காட்டினால், "இருமல் நல்லா வந்திருக்கு மச்சான். இந்த இருமலுக்கும் அவருதானா மியூசிக்?" என்பான்.

நான் முதலில் கையை நீட்டுகிற ரகம். நாக்கைவிட எனக்குக் கை வேகம். ஒருதரம் தேநீர்க் கிளாஸால் அடித்து அவன் புருவத்தைக் கிழித்தேன். இன்னொருதரம் அவன் என் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்து, முதல் வருடங்கள்தான் உசத்தி என்று சொல்லும்வரை விடமாட்டேன் என்றான். நான் சொல்லவில்லை. மணிக்கட்டு வீங்கிப்போய் ஒரு கிழமைக்குப் பேனா பிடிக்க முடியாமல் அலுவலகத்தில் பொய் சொல்ல வேண்டியிருந்தது. நானா ஷட்டர் இழுக்கிற கம்பியை எடுத்து வந்து இரண்டு பேருக்கும் கெண்டைக்காலில் ஒன்று வைத்தபிறகுதான் அடங்குவோம். மறு சனிக்கிழமை திரும்பவும் போய் நிற்போம். வேறு எவனோடும் எனக்கு அப்படிச் சண்டை போடப் பிடிக்காது.

பக்கத்துக் கடை பாத்திரக்கடை. எங்களைப்போல இந்திய வழி ஆட்கள்தான். முதலாளி தடித்த மனிதர், இரத்த அழுத்தக்காரர். சத்தம் கூடினால் வாசலுக்கு வந்து நின்று, "சத்தத்தக் குறைங்கடா, யாவாரம் பாக்க வேணாமா" என்று கத்துவார். நாங்கள் குறைக்க மாட்டோம். அவரும் விடாமல் கத்திக்கொண்டிருப்பார்.

சண்டை கொலையில் முடிந்துவிடக் கூடாது என்று நானா ஒரு வழக்கம் ஏற்படுத்தினார். ஆளுக்கொரு பாட்டைத் தேர்ந்து கொடுக்க வேண்டும். நானா கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் கேட்பார். எது வென்றது என்று சொல்லுவார். அதற்கு மேல் பேச்சில்லை. தோற்றவன் அடுத்து எந்தக் கேசட் பதிந்தாலும் அதன் ஏ பக்கத்து முதல் பாட்டு, வென்றவனுடைய பாட்டாக இருக்க வேண்டும். அதை ஓட்டிவிடக் கூடாது. முழுக்கக் கேட்டு முடித்த பிறகுதான் தன் பாட்டுக்கு வரலாம். பார்க்கச் சின்னத் தண்டனைதான். ஆனால் எதிரியின் பாட்டைத் தினமும் முதலில் கேட்டுவிட்டுப் படுப்பது எவ்வளவு கொடுமை என்பது ரசிகனுக்குத்தான் தெரியும். என் அலுமாரியிலிருந்த கேசட்டுகளில் பாதி அவன் பாட்டில்தான் தொடங்கின.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு முந்திய சனிக்கிழமை நான் ஒரு பாட்டைக் கொண்டுபோனேன். என் கட்சி வருடங்களில் வந்தது. தனியாக ஒரு புல்லாங்குழல் எடுக்கும், அது முடிந்தது என்று நினைக்கும்போது தோல் வாத்தியங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் உள்ளே வரும். நானா கண்ணைத் திறக்காமலே என் பக்கம் கையைக் காட்டினார்.

அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "நானா ஒனக்குச் சாய்ஞ்சிட்டாரு. நான் பதிய மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதிரையை உதைத்துத் தள்ளிப் போய்விட்டான். வழக்கத்தை எங்களில் ஒருவன் மீறியது அதுதான் முதல் தடவை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கொழும்பில் பற்றி எரிகிறது என்ற செய்தி வந்த பிறகும் கண்டியில் முதலில் கடைகள் திறந்துதான் இருந்தன. மத்தியானம் சாப்பிட வெளியே வந்தவன் அந்தச் சந்துப் பக்கம் போனேன். பஸ்களை நிறுத்திவிட்டார்கள், போக வழியில்லாமல் அவனும் அங்கே நின்றுகொண்டிருந்தான். ஊருக்கு எப்படிப் போகப்போகிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, "பாட்டைப் பதிஞ்சியா?"

"பதிய மாட்டேன்னு சொன்னேன்ல."

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் என் கழுத்தைப் பிடித்தான். ரோட்டில் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்ததும், ஒவ்வொரு கடையாக ஷட்டர் விழுந்துகொண்டிருந்ததும் எங்களுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. பாத்திரக்கடை முதலாளிதான் வெளியே வந்து எங்களைப் பிரித்துவிட்டார்.

"ஊரே எரியுது, நீங்க பாட்டுக்காக அடிச்சிக்கிறீங்களா? உள்ள போங்கடா" என்றார்.

அப்போதுதான் சந்தின் முனையிலிருந்து கூச்சல் கேட்டது. கண்ணாடி உடைகிற சத்தமும் வந்தது. நானா எங்கள் இருவரையும் சட்டைக் கொலரில் பிடித்து உள்ளே இழுத்துத் தள்ளினார். "நீங்களும் வாங்க முதலாளி" என்று பாத்திரக்கடைக்காரரையும் கூப்பிட்டார்.

"கடையப் பூட்டிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

நானா எங்களைக் கவுண்டருக்குப் பின்னால், வெற்றுக் கேசட் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையில் உட்கார வைத்து, மேலே ஒரு படங்குத் துணியைப் போட்டார். "வாயப் பொத்திட்டு ஈங்க. ஒரு சத்தம் வந்தா மூணு பேரும் மவுத்து" என்றார். ஷட்டரை முழுக்க இறக்கவில்லை. மூடியிருந்தால் உடைப்பார்கள், திறந்திருந்தால் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. பாதி திறந்து வைத்துவிட்டு, தொப்பியைச் சரியாகப் போட்டுக்கொண்டு, ஒரு சிங்களக் கேசட்டை எடுத்துப் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றார்.

நானும் அவனும் நேருக்கு நேராகக் குந்தியிருந்தோம். முழங்காலும் முழங்காலும் இடித்தன. என் இடது பக்கம் வாசல். கூட்டம் பக்கத்தில் வந்துவிட்டது. கடையில் தமிழர்கள் இருக்கிறார்களா என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான். இல்லை மாத்தயா, இது சோனகக் கடை என்று நானா சிங்களத்திலேயே பதில் சொன்னார். குரல் ஆடவில்லை. வேறொருவன் பாட்டைக் கூட்டி வை என்றான். நானா கூட்டி வைத்தார்.

பிறகு பாத்திரக்கடையை உடைத்தார்கள். எவர்சில்வர் சாமான்கள் ரோட்டில் உருளும் சத்தம் வந்தது. அவரை வெளியே இழுத்து வந்தார்கள். அவர் விற்பதற்கு வைத்திருந்த இரும்பு உலக்கைகளாலேயே அவரை அடித்தார்கள். படங்குத் துணிக்கு அடியில் இருந்தவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். உலக்கை சிமெந்தில் பட்டால் ஒரு சத்தம், ஆள்மேல் பட்டால் வேறு சத்தம். முதலில் அம்மா என்று கத்தினார். பிறகு மாத்தயா, மாத்தயா என்று கெஞ்சினார். கடைக்கு வருகிற சிங்கள ஆட்களை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அடித்தவர்களில் சிலரையும் நேற்றுவரை அப்படிக் கூப்பிட்டிருப்பார். பிறகு அவருக்குச் சொல் வரவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கேசட்டில் அடுத்த பாட்டு வந்தது. ஒரு புல்லாங்குழல் தனியாக எடுத்தது. அது என் பாட்டு. சிங்களச் சினிமாவுக்கு யாரோ மெட்டைத் திருடி, சிங்கள வரி போட்டுப் பாடியிருந்தார்கள். புல்லாங்குழல் முடிந்து தோல் வாத்தியங்கள் உள்ளே வந்தன. வெளியே கூட்டம் சேர்ந்து பாடியது. அவர்களுக்கும் அது பிடித்த பாட்டு போலிருக்கிறது. பாடிக்கொண்டே அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அடி தாளத்தோடு சேர்ந்து விழத் தொடங்கியது. அதை நான் காதாரக் கேட்டேன். அவர்களைக் கொல்ல வேண்டும் என்று இருந்தது, எழுந்து ஓட வேண்டும் என்றும் இருந்தது. கால் தானாக ஊன்றிக்கொண்டது.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து, மூச்சுக் காற்றிலேயே சொன்னான்.

"இது முதல் வருசத்து மெட்டு. என் கட்சி."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. பாட்டைப் பதிய மாட்டேன் என்றவன், இப்போது அது தன் கட்சிப் பாட்டு என்கிறான்.

"இல்ல" என்றேன், அதே மூச்சில்.

"முதல் வருசம்தான். தட்டுல போட்டிருந்திச்சு, நான் பார்த்தேன்."

"நீ என்னத்தப் பார்த்த? வயலின் எத்தனை வருதுன்னு கேளு. முதல் வருசத்துல அவருக்கு யாரு இத்தனை வயலின் குடுத்தா?"

"வயலின் சிங்களவன் சேர்த்தது."

இதற்கு மேல் எவனாலும் பொறுக்க முடியாது. உலக்கைச் சத்தம் எனக்கு எங்கேயோ தூரத்தில் போய்விட்டது. அந்த வயலின் பகுதியை அந்த மனுசர் எழுதவில்லை என்று என் முகத்துக்கு நேரே ஒருவன் சொல்கிறான். "போடா மடையா, அந்த வயலின்..." என்று தொடங்கியவன், வழக்கமாகச் சனிக்கிழமையில் கத்துகிற குரலிலேயே கத்திவிட்டேன்.

அவன் கை வந்தது. விரித்த உள்ளங்கை, முழுப் பலத்தோடு, என் இடது காதின்மேல் விழுந்தது. உள்ளே ஏதோ கிழிந்தது. மறு கையால் என் வாயைப் பொத்தித் தலையைப் பெட்டிகளுக்கு இடையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் அவன் விரலைக் கடித்தேன். எலும்புவரை பல் போனது. அவன் கையை எடுக்கவில்லை. கழுத்துவழியே சூடாக ஏதோ வழிந்தது. அது என் காதிலிருந்து வந்ததா, அவன் விரலிலிருந்து வந்ததா என்று தெரியவில்லை.

வாசலில் ஒருவன், உள்ளே யார் என்று கேட்டது வலது காதில் லேசாக விழுந்தது. நானா சத்தமாகச் சிரித்தார். என் தம்பி, மூளை சரியில்லாதவன், பாட்டுக் கேட்டால் இப்படித்தான் என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கெட்ட வார்த்தையாகத் திட்டி, ஷட்டர்க் கம்பியால் கவுண்டரில் ஓங்கி அடித்தார். வெளியிலும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூட்டம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

பாத்திரக்கடை முதலாளியை நாங்கள் வெளியே வந்தபோது பார்த்தோம். அதை எழுதமாட்டேன்.

நானா எங்களைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, பிறகு ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் சேர்த்தார். அங்கே மருந்தில்லை. காது சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வழி கிடைத்தபோது காலம் கடந்துவிட்டது. காதைப் பார்த்த சிங்கள டாக்டர் வயதானவர். யார் அடித்தது என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் தலையைக் குனிந்துகொண்டார். தமிழன்தான் அடித்தான் என்றேன். அவர் நம்பவில்லை. பயத்தில் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அந்தக் காதால் இனி எதுவும் கேட்காது என்றார் அவர். அது உண்மையில்லை. அந்தக் காதில் எனக்கு ஒன்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அது கடைசியாக எதைக் கேட்டதோ அதுதான். என் பாட்டு, தாளத்தோடு உலக்கை, நடுவில் சொல் வராமல் ஒரு மனிதர். பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போட்டால் நான் வழியிலேயே இறங்கிவிடுவேன்.

முகாமில் நான் அவனோடு பேசவில்லை. உயிரைக் காப்பாற்றினானே என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குக் கோபம் அறைந்ததற்காக அல்ல. தப்பான வருடத்தைச் சொல்லி, என்னைக் கத்த வைத்து, என் காதையும் வாங்கிக்கொண்டான். அன்று அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு இரண்டு காதும் இருந்திருக்கும்.

அடுத்த வருடம், எங்களைப் போன்றவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி அவனுக்கு இந்தியப் பாஸ்போட் வந்துவிட்டது. தலைமன்னார்க் கோச்சியில் கப்பலுக்குப் போகிறான் என்று நானா வந்து சொல்லி, வா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கண்டி ஸ்டேஷனில் ஒரே அழுகை. போகிறவர்களும் இருக்கிறவர்களும் ஜன்னல் வழியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அழ யாருமில்லை. பெட்டி வாசலில் நின்றவன் என்னைக் கண்டதும் இறங்கி வந்து, என் வலது பக்கமாகச் சுற்றி வந்து நின்றான்.

"மச்சான், அன்னைக்கு அது உன் வருசத்துப் பாட்டுதான். எனக்குத் தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அப்பவே."

"அப்புறம் ஏன்டா மாத்திச் சொன்ன?"

"அந்த ஐயா கத்துறத நீ கேட்டுக்கிட்டே இருந்த. எந்திரிச்சு ஓடப்போறன்னு உன் மொகத்துல தெரிஞ்சிச்சு. பிடிச்சு வச்சா திமிறுவ. உன்னைய வேற எதுல திருப்ப முடியும், சொல்லு. அவர் கத்துறது உனக்குக் கேக்காம இருக்கட்டும்னுதான் வருசத்த மாத்தினேன். நீ இவ்வளவு சத்தமாக் கத்துவன்னு நான் நெனைக்கல்ல."

நான் அவனை அறைந்தேன். என் பலம் முழுவதையும் சேர்த்து, அவன் இடது காதில். பக்கத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பெட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். திருப்பி அடிக்கவில்லை. அவன் விரலில் என் பல் பட்ட தழும்பு தெரிந்தது.

"இப்பச் சரியா?" என்றான்.

"இல்ல" என்றேன்.

அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பையிலிருந்து டேப் ரெக்கோடரை எடுத்து மடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். புல்லாங்குழல் தனியாக எடுத்தது. சிங்களத்தில் அல்ல, தமிழில், அந்த மனுசர் போட்டபடியே. நான் நானாவைத் திரும்பிப் பார்த்தேன். நேற்றுத்தான் வந்து பதிந்துகொண்டு போனான் என்றார் அவர்.

"நிப்பாட்டு" என்றேன்.

"ஓட்டக் கூடாதுல்ல. தோத்தது தோத்ததுதான். ஏ பக்கத்து முதல் பாட்டு."

"இத நீ எப்படிடா தினமும் கேப்ப? அந்த முதலாளி கத்துற சத்தந்தான கேக்கும்."

"உனக்கு மட்டும் கேக்கணுமா? எனக்கும் கேக்கட்டும்."

தோல் வாத்தியங்கள் உள்ளே வந்தன. நான் காதைப் பொத்தப் போனேன், நல்ல காதை. அவன் பொத்தவில்லை. மடியிலிருந்த ரெக்கோடரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டு முடிவதற்கு முன்பே கோச்சி நகர்ந்துவிட்டது.